பதறாத காரியம் சிதறாது: மின்தூக்கியில் சிக்கிக்கொண்டால்...

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோப்பெங் பட்டணத்தில் மின்தூக்கியைக் காண்பது அரிது. ஈயச் சுரங்கக் காலத்தில் எழுந்த மாடிக் கடைவீடுகளுக்கும், சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் லயங்களுக்கும் அதன் தேவை இருந்ததில்லை. ஆனால், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஈப்போவுக்கு மருத்துவம் பார்க்கப் போனாலும், கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போனாலும், மக்கள் பேச்சில் 'லிஃப்ட்' எனப்படும் அந்தப் பெட்டிக்குள் ஏறித்தான் ஆகவேண்டும். என்றோ ஒருநாள் ஏறுபவர்கள்தாம், அது நடுவழியில் நின்றுவிட்டால் அதிகம் பதறுகின்றனர். அந்தப் பதற்றமே ஆபத்துக்கு முதல் படி.

பெட்டி ஏன் நிற்கிறது?

கயிறு அறுந்து பெட்டி கீழே விழுந்துவிடும் என்பதுதான் பலருக்கும் உள்ள பயம். பெரிய கட்டடங்களின் மின்தூக்கிப் பெட்டியைப் பொதுவாக ஒன்றல்ல, பல எஃகு வடங்கள் தாங்குகின்றன. அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினால், பெட்டியின் அடியிலுள்ள பிடிப்பான்கள் இருபுறத் தண்டவாளங்களையும் கவ்விக்கொள்ளும். எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர், தான் ஏறி நின்ற மேடையின் கயிற்றை வெட்டச் செய்து, மேடை விழாமல் நிற்பதை 1854இல் நியூயார்க் கண்காட்சியில் மக்களுக்குக் காட்டினார். 1857இல் அதே நகரின் ஒரு கடையில் அவருடைய நிறுவனத்தின் பயணிகள் மின்தூக்கி ஓடத் தொடங்கியது.

கதவு சரியாக மூடாவிட்டாலும், மின்சாரம் தடைபட்டாலும், கருவி ஏதேனும் கோளாற்றை உணர்ந்தாலும் பெட்டி நின்றுவிடும். இடியும் மழையுமான மாலைகளில் மின்தடை ஏற்படுவது பேராக் மாநிலத்தாருக்குப் புதிதல்ல. ஆகவே, நின்றுபோன பெட்டி பெரும்பாலும் தன் பாதுகாப்புக் கடமையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. மூச்சு முட்டிவிடும் என்றும் அஞ்சவேண்டியதில்லை. பெட்டி காற்றுப்புகாத அறையன்று. அதில் காற்றோட்டத் துளைகள் உண்டு.

உள்ளே இருப்பவர் செய்ய வேண்டியவை

முதலில் கதவு திறக்கும் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். பயனில்லையென்றால் மணிச் சின்னமுள்ள பொத்தானை அழுத்தி, பேசும் கருவியில் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசி இருந்தால் கட்டட நிர்வாகத்தையோ, பெட்டிக்குள் எழுதப்பட்டுள்ள அவசர எண்ணையோ அழைக்கலாம். அங்கே பதில் இல்லையென்றாலோ, உள்ளே யாருக்காவது உடல்நிலை மோசமானாலோ 999ஐ அழைக்கத் தயங்கக்கூடாது. கட்டடத்தின் பெயர், எந்த மின்தூக்கி, எந்த மாடிக்கருகே நின்றது, எத்தனை பேர், அவர்களுள் நோயாளியோ கர்ப்பிணியோ உண்டா என்ற விவரங்களைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிறகு சுவரில் சாய்ந்து, முடிந்தால் தரையில் உட்கார்ந்துவிடுவது நல்லது. பெட்டி திடீரென நகர்ந்தாலும் விழாமல் இருக்கலாம். பயந்தவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, நிதானமாக மூச்சுவிடச் சொல்லலாம். கைத்தொலைபேசியின் மின்கலத்தைப் பாட்டுக்கும் படத்துக்கும் செலவிடக் கூடாது.

கதவைப் பலவந்தமாகத் திறப்பதும், கூரை வழியாக ஏறுவதும் சினிமாவில் பார்க்க நன்றாயிருக்கும். உண்மையில் உயிருக்கு உலை வைப்பது அதுதான். மாடித் தரைக்கு மேலே பெட்டி நிற்கும்போது வெளியே குதிப்பவர், பெட்டிக்கு அடியிலுள்ள இடைவெளி வழியே குழிக்குள் சரிந்துவிடலாம். பாதி உடல் வெளியே இருக்கும்போது பெட்டி நகர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வெளியே இருப்பவரின் கடமை

உதவும் எண்ணத்தில் இரும்புக் கம்பியால் கதவை நெம்புவது உதவியாகாது. பெட்டிக்கு எதிர்ப்புறம் ஓர் எடைக்கட்டி தொங்குகிறது. அது வெற்றுப் பெட்டியைவிடக் கனமானது. ஓரிருவர் மட்டும் உள்ளே இருக்கையில், விவரம் தெரியாதவர் பிரேக்கை விடுவித்தால் பெட்டி கீழே இறங்காது, மேல்நோக்கி ஓடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர் முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பிறகே பெட்டியைச் சிறிது சிறிதாக மாடித் தரைக்குச் சமமாகக் கொண்டுவருவார். அதுவரை வெளியே இருப்பவர், "பயப்படாதீங்க, ஆள் வந்துகொண்டிருக்கிறது" என்று அடிக்கடி குரல் கொடுத்தாலே போதும். அந்தக் குரல் பெரிய மருந்து.

கேட்க ஆளில்லாத மணி

2024 ஜூலை 13, சனிக்கிழமை. திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வந்த ஒருவர், மின்தூக்கியில் சிக்கிக்கொண்டார். கைத்தொலைபேசி விழுந்து உடைந்தது. மணியை அழுத்தினார், யாரும் வரவில்லை. குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துத் தேடிக்கொண்டிருக்க, திங்கட்கிழமை காலையில் பணிக்கு வந்த மின்தூக்கி ஊழியர்தான் அவரைக் கண்டார். ஏறத்தாழ 42 மணி நேரம்! ஊழியர்கள் பணி இடைநீக்கம் செய்யப்பட்டனர். 1999இல் நியூயார்க்கில் ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு சிக்கி 41 மணி நேரம் கிடந்தார். கதவை நெம்பித் திறந்தபோது எதிரே இருந்தது சுவர்தான். பெட்டிக்குள் கண்காணிப்புக் கேமரா இருந்தும் கவனிப்பார் இல்லை.

இரண்டும் வாரக் கடைசியில் நடந்தவை. இரண்டிலும் கருவி இருந்தது. கேட்கும் காது இல்லை. கட்டடத்தைப் பூட்டுமுன் ஒவ்வொரு மின்தூக்கியையும் திறந்து பார்ப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்கள் ஒருவரின் இரண்டு நாள்களைக் காப்பாற்றும்.

குடியிருப்பாளருக்கும் பங்குண்டு

மலேசியாவில் மின்தூக்கிக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1இல் நீக்கப்பட்ட பிறகு, இப்பொறுப்பு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்துள்ளது. சான்றிதழ் நடப்பில் உள்ளதா, அவசர மணி வேலை செய்கிறதா என்று நிர்வாகத்திடம் கேட்பது குடியிருப்பாளரின் உரிமை. பராமரிப்புக் கட்டணத்தை நிலுவையின்றிச் செலுத்துவது அவரின் கடமை. கட்டணம் வராத இடத்தில் பழுதுபார்ப்பும் தள்ளிப்போகும். மாடிப்படி ஏற முடியாத முதியவர்தாம் அதன் விலையைக் கொடுக்கிறார்.

பெற்றோர் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை மின்தூக்கியில் ஏறும்போது மணிப் பொத்தான் எது என்று பிள்ளைக்கும், வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவுக்கும் காட்டிக் கொடுங்கள். தீ விபத்தின்போது அதில் ஏறவே கூடாது, படியில்தான் இறங்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். பதறாத காரியம் சிதறாது.