சுழன்று வரும் எண்



142857 என்னும் எண்ணை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. ஆறு வரையில் அதே இலக்கங்கள், அதே வரிசையில், தொடங்குமிடம் மட்டும் மாறிச் சுழன்று வரும். ஏழால் பெருக்கினாலோ 999999! ஒன்றை ஏழால் வகுத்தால் தசமத்தில் முடிவின்றித் திரும்ப வருபவை இவ்விலக்கங்களே. அதுவே இச்சுழற்சிக்குக் காரணம்.

இவ்வெண்ணின் வர்க்கம் 20408122449. அதனை 20408, 122449 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 142857! இத்தகையவை காப்ரேகர் எண்கள் எனப்படும். காப்ரேகர் (1905–1986) நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதுகலைப் பட்டம் பெறாதவர். தொடக்கத்தில் அவரை மதித்தோர் சிலரே. இன்றோ அவர் பெயர் உலகக் கணித நூல்களில் நிலைபெற்றுள்ளது.

நம் பிள்ளைகளும், படிப்பு இவ்வளவே என்று தயங்காது, தாளும் பென்சிலும் எடுத்து எண்களோடு பழகுவார்களாக.