தொலைஞ்சா எவ்வளவு கேக்கலாம்? பழைய காமிக்ஸும் காப்பீட்டுத் தொகையும்

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது)

போன பகுதியில பழைய காகிதத்தை உப்புக்காத்துல இருந்து எப்படிக் காப்பாத்துறதுன்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு அத்திப்பட்டுல இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். அப்பா எண்ணூர் அனல்மின் நிலையத்துல வேலை பார்த்தவர், இப்போ இல்லை. அவர் விட்டுட்டுப் போன டிரங்குப் பெட்டியில ஆறு காமிக்ஸ். ஒண்ணு 1972-ல வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழ், ‘இரும்புக்கை மாயாவி’. இன்னொண்ணு 1984-ல வந்த லயன் காமிக்ஸ் முதல் இதழ், ‘கத்தி முனையில் மாடஸ்டி’. மீதி நாலும் எழுபதுகள்ல வந்த முத்து இதழ்கள்.

இதை அமெரிக்காவுல இருக்கிற சிஜிசிக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்கணும்னு அவருக்கு ஆசை. பாரத்துல ‘டிக்ளேர்டு வேல்யூ’ன்னு ஒரு கட்டம் இருக்கு. தம்பி ரெண்டு லட்சம்னு போடலாம்ங்கிறார். அக்கா இருபதாயிரம் போதும்ங்கிறாங்க. பெட்டி ரெண்டு பேருக்கும் பொது. “யார் சொல்றது சரி சார்?”ன்னு கேட்டிருக்கார். கடிதத்தோட தொனியைப் பார்த்தா வீட்டுல கொஞ்சம் சூடாத்தான் போயிருக்கும்போல.

புதுசாக் கேக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. சிஜிசி 2000-ல ஆரம்பிச்ச கம்பெனி, ஃப்ளோரிடா மாநிலம் சரசோட்டாவுல இருக்கு. புத்தகத்தைப் பார்த்து 0.5-ல இருந்து 10 வரைக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு மூடி அனுப்புவாங்க. மதிப்பெண் கொஞ்சம் ஏறினாலும் விலை பல மடங்கு மாறும். 1938-ல பத்து சென்டுக்கு வித்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ், 8.5 வாங்கின ஒரு பிரதி, 2024-ல அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. தம்பியோட ரெண்டு லட்சம் இந்த மாதிரிச் செய்திகள்ல இருந்து பிறந்ததுதான். அதுல தப்பில்ல. ஆனா அது இந்தக் கட்டத்துக்கான எண் இல்ல.

ஏன்னா ஒரே புத்தகத்துக்கு மூணு விலை இருக்கு. இன்னைக்கு இருக்கிற நிலைமையில, அதே மாதிரி இன்னொரு பிரதியை வெளியில வாங்கணும்னா ஆகுற விலை ஒண்ணு. நல்ல தரம் கிடைச்சு பிளாஸ்டிக் பெட்டியில திரும்பி வந்தப்புறம் இருக்கப்போற விலை இன்னொண்ணு. மூணாவது, அது உங்களுக்கு என்ன விலைங்கிறது. போகும்போது காப்பீடு முதல் விலைக்குத்தான். தரம் போடுறதுக்கு முன்னாடி வழியில தொலைஞ்சு போன புத்தகத்துக்கு ‘இது ஒன்பது வாங்கியிருக்கும்’னு யாராலயும் நிரூபிக்க முடியாது. அதுவும் நம்ம பக்கத்துப் புத்தகம்! கொசஸ்தலை ஆத்துக் காத்துல நாப்பது ஐம்பது வருஷம் கிடந்தது. நடுப்பின் துருப்பிடிச்சு, துரு காகிதத்துல இறங்கியிருக்கும். பளபளன்னு தெரியுற அட்டையைத் திறந்து பின்னைப் பாருங்க, அப்புறம் எண்ணைப் பேசலாம்.

திரும்பி வரும்போது கதை வேற. தரம் இப்போ எழுத்துல இருக்கு. அந்தத் தரத்துக்கு விற்பனை ஆதாரம் இருந்தா ரெண்டாவது விலையைப் போடலாம். போற பயணத்துக்கும் வர்ற பயணத்துக்கும் ஒரே தொகைதான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தாலே அக்கா தம்பி சண்டையில பாதி தீர்ந்திருக்கும்.

இப்போ நம்ம ஊர் பாஷைக்கு வர்றேன். காமராசர் துறைமுகத்துலயோ மணலி கன்டெய்னர் யார்டுலயோ வேலை செய்றவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, சரக்குக்குக் காப்பீடு எடுக்கிறப்போ சி.ஐ.எஃப் விலையோட பத்து சதவீதம் சேர்த்துப் போடுறதுதான் வழக்கம். அதாவது சரக்கு விலை, காப்பீட்டுச் செலவு, கப்பல் கட்டணம், அதுக்கு மேல பத்து. சுலபமான கணக்கு, ஏன்னா கையில இன்வாய்ஸ் இருக்கு. அப்பா மூர் மார்க்கெட்ல பேரம் பேசி வாங்கின புத்தகத்துக்கு ஏது பில்லு? அந்த மார்க்கெட்டே 1985-ல எரிஞ்சு போச்சு. இன்னைக்கு கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க நாம போய் நிக்கிற இடத்துக்குத்தான் அந்தப் பேரு மிச்சம்.

பில் இல்லாத பொருளுக்குச் சட்டத்துல ஒரு வழி இருக்கு. 1963-ம் வருஷத்து கடல்சார் காப்பீட்டுச் சட்டம் ரெண்டு வகை பாலிசியைச் சொல்லுது. ஒண்ணுல மதிப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இன்னொண்ணுல நஷ்டம் வந்தப்புறம் மதிப்பை நிரூபிக்கணும். முதல் வகையில, மோசடி இல்லாத வரைக்கும், எழுதின தொகையே ரெண்டு தரப்புக்கும் முடிவானது. ‘கடல்சார்’னு பேர் இருக்கேன்னு பார்க்காதீங்க. இங்க மெரைன் கார்கோ பாலிசி விமானத்துல, லாரியில, தபால்ல போற சரக்குக்கும் எடுக்கப்படுது. பழைய காமிக்ஸ் மாதிரி பொருளுக்கு மதிப்பு எழுதின பாலிசிதான் வேணும். ஏஜென்ட்கிட்ட “வேல்யூட் பாலிசியா?”ன்னு வாய்விட்டுக் கேளுங்க. ‘எல்லாம் கவர் ஆயிடும் சார்’னு பதில் வந்தா, எழுத்துல காட்டச் சொல்லுங்க.

கூரியர் ரசீதுல போடுற தொகையும் காப்பீடும் ஒண்ணுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஒண்ணு இல்ல. விமானத்துல போற சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைன்னு ஒண்ணு இருக்கு, இந்தியாவும் அதுல இருக்கு. நீங்க தனியா மதிப்பு அறிவிச்சு அதுக்குக் கட்டணம் கட்டலைன்னா, தொலைஞ்ச சரக்குக்கு விமான நிறுவனத்தோட பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். தான். 2024 டிசம்பர் கடைசி வரைக்கும் 22-ஆ இருந்தது. எஸ்.டி.ஆர்.ங்கிறது ஐ.எம்.எஃப். வச்சிருக்கிற கணக்கு அலகு, ஒரு டாலரைவிடக் கொஞ்சம் அதிகம். ஆறு புத்தகம், அட்டை, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோன்னு வைங்க. 39 எஸ்.டி.ஆர்., சுமார் ஐம்பது டாலர். அவ்வளவுதான். இரும்புக்கும் நிலக்கரிக்கும் எடை போட்டு நஷ்டம் கொடுக்கிறது நியாயம். மாயாவியை எடை போட்டா பழைய பேப்பர் கடைக் கணக்குதான் வரும்.

சரி, மதிப்பு அறிவிச்சு அதிகமாக் கட்டிடலாமேன்னா, கூரியர் நிபந்தனைகளை நிதானமாப் படிங்க. சேகரிப்புப் பொருள், கலைப்பொருள், பழம்பொருளுக்குன்னு தனியா ஒரு உச்சவரம்பு பல இடத்துல இருக்கும். அதுக்கு மேல நீங்க என்ன எழுதினாலும் வெறும் மைதான்.

குறைச்சுப் போட்டா என்ன ஆகும்? அக்கா சொல்ற இருபதாயிரத்தையே எடுத்துக்கலாம். பேச்சுக்கு, ஆறும் சேர்ந்து எண்பதாயிரம் பெறும்னு வைங்க (இது கணக்குக்காகச் சொல்றது, சந்தை விலை இல்ல). மதிப்பு எழுதாத பாலிசி. வழியில தண்ணி பட்டு நாப்பதாயிரம் நஷ்டம். நாப்பதுல இருபதாவது வரும்னு நினைப்பீங்க. வராது. கால்வாசிக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கீங்க, அதனால நஷ்டத்துலயும் கால்வாசி, பத்தாயிரம்தான். மீதிக்கு நீங்களே காப்பீட்டுக்காரர்னு சட்டம் சொல்லுது.

அதிகமாப் போட்டாலும் லாபமில்ல. அதே வகை பாலிசியில உண்மையான நஷ்டத்துக்கு மேல தரமாட்டாங்க, பிரீமியம்தான் வீண். மதிப்பு எழுதின பாலிசியில ஆதாரமே இல்லாம ஊதி எழுதினா மோசடிங்கிற பேச்சு வந்து நிக்கும். போதாததுக்கு, சிஜிசி கட்டணமே நீங்க அறிவிக்கிற மதிப்பை வச்சுத்தான். மதிப்பு ஏற ஏறக் கட்டண வகுப்பும் ஏறும். அதுக்காக வேணும்னே குறைச்சுப் போடாதீங்க. அவங்க கையில இருக்கும்போது ஏதாவது ஆனா, பேச்சு அந்த எண்ணுல இருந்துதான் தொடங்கும்.

ஆதாரம்னா என்ன? வித்து முடிஞ்ச விலை. ‘எனக்கு இவ்வளவு வேணும்’னு ஒருத்தர் போட்டு வச்சிருக்கிற விலை ஆதாரம் ஆகாது. ஆங்கில காமிக்ஸுக்கு ஏலப் பதிவுகள் குவிஞ்சு கிடக்கு. தமிழுக்கு அப்படி இல்ல, பெரும்பாலும் கைமாறுறது சேகரிப்பாளர்களுக்குள்ள, போன்லயே முடிஞ்சிடும். அதனால, பழைய காமிக்ஸ் வாங்கி விக்கிற மூணு பேர்கிட்ட தனித்தனியா, புத்தகத்தைக் காட்டி, தேதி போட்டு எழுதி வாங்குங்க. உங்க பிரதி முதல் பதிப்பான்னும் உறுதி பண்ணிக்கோங்க. மாயாவி கதைகள் ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ வரிசையில மறுபதிப்பு வந்திருக்கு. படிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். சர்வேயருக்கு ஒண்ணு இல்ல.

தொகையை மொத்தமாப் போடாம, புத்தகத்துக்குப் புத்தகம் தனி வரி. அட்டை, பின், முதுகு, நடுப்பக்கம்னு ஒவ்வொண்ணுக்கும் தேதியோட போட்டோ. அதே எண்தான் கூரியர் ரசீதுலயும், கஸ்டம்ஸ் தாள்லயும், பாலிசியிலயும், சிஜிசி பாரத்துலயும் இருக்கணும். கஸ்டம்ஸ்ல ரெண்டாயிரம், பாலிசியில எண்பதாயிரம்னா, கிளைம் வரும்போது அந்த ரெண்டாயிரத்தைத்தான் உங்க முன்னாடி எடுத்து நீட்டுவாங்க. போன பொருள்தான் திரும்பி வருதுன்னு இறக்குமதியில காட்டவும் அதே தாள் வேணும், அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரைப் பார்த்துடுங்க.

இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் ‘ஏ’ங்கிறது சரக்குக் காப்பீட்டுல இருக்கிற அகலமான நிபந்தனை. அதுலயே விலக்கு உண்டு. சரியாப் பேக் பண்ணாததால வந்த சேதம், பொருளோட சொந்த இயல்பால வந்த சேதம், தாமதம், மூணுக்கும் பணம் கிடையாது. காகிதம் தானா மஞ்சளாகுறதும் பின் தானாத் துருப்பிடிக்கிறதும் ரெண்டாவதுல போய் விழும்.

முழுத் தொகையும் வாங்கிட்டப்புறம் புத்தகம் கிடைச்சா? நிக்கோலஸ் கேஜ் நடிகர் தொண்ணூறுகள்ல ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கின ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2000-ல வீட்டுல இருந்து திருடு போச்சு. 2011-ல ஒரு சாமான் கிடங்குல கிடைச்சு, அந்த வருஷமே இருபத்தோரு லட்சம் டாலருக்கு மேல வித்துச்சு. பொதுவா, முழு நஷ்டம் கொடுத்த காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்தப் பொருளை எடுத்துக்கிற உரிமை வந்துடும். பணமும் உங்களுது, புத்தகமும் உங்களுதுன்னு ரெண்டும் நடக்காது.

இதைச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. தம்பி அனுப்பின போட்டோவுல, மாயாவி முதல் பக்கத்துல அவங்க அப்பாவோட கையெழுத்து, பக்கத்துல தேதி. தரம் பார்க்கிறவங்களுக்கு அது ஒரு குறையாப் படலாம். சர்வேயருக்கு அது ஒண்ணுமே இல்ல. நான் முதல்ல சொன்ன மூணாவது விலைக்கு எந்த பாலிசியிலயும் கட்டம் கிடையாது. அதனால அந்தப் புத்தகத்தை மட்டும் அனுப்பாதீங்கன்னு எழுதினேன். மத்த அஞ்சுலயும், தரம் போடுற செலவு, போக வரக் கட்டணம், பிரீமியம் எல்லாம் கழிச்சு ஏதாவது மிஞ்சுறதை மட்டும் எடுங்கன்னேன். என் அபிப்பிராயத்துல தமிழ் காமிக்ஸ் வாங்குறவங்கள்ல நிறையப் பேருக்குப் பக்கத்தைப் புரட்டணும், பிளாஸ்டிக்குக்குள்ள அடைச்சதுக்கு அவங்க அள்ளிக் கொடுத்திட மாட்டாங்க.

நேத்து பதில் வந்தது. லயன் முதல் இதழும், எழுபதுகளோட முத்து ஒண்ணும், ரெண்டு மட்டும் போகுதாம். மூணு பேர் எழுதிக் கொடுத்த விலையில நடுவுல இருக்கிறதை எடுத்திருக்காங்க, பட்டியல்ல அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. மாயாவி இப்போ அக்கா வீட்டு பீரோவுல இருக்காம். சிலிக்கா ஜெல் பொட்டலம் எத்தனை வைக்கணும்னு கேட்டிருக்காங்க. அதை அடுத்த பகுதியில சொல்றேன்.