காலி இடம் காலிதானா?

1640-களில் இத்தாலியில் டாரிசெல்லி, ஒரு முனை மூடிய நீளமான கண்ணாடிக் குழாய் நிறையப் பாதரசம் ஊற்றி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்து நிறுத்தினார். உள்ளே பாதரசம் இறங்கி, சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டது. மேலே இடம் காலி! வெற்றிடமே கிடையாது என்று சாதித்தவர்களுக்குத் தர்மசங்கடம். அங்கேயும் துளி பாதரச ஆவி இருந்தது, அது வேறு விஷயம்.

சரி, ஆவி, வெளிச்சம், வெப்பம் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டால்? அப்போதும் மின்காந்தப் புலம் சும்மா இருக்காதாம், லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும் என்கிறது குவாண்டம் இயற்பியல். 1948-ல் நெதர்லாந்துக்காரர் காசிமிர் கணக்குப் போட்டுச் சொன்னார்: மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்தால், ஒன்றையொன்று இழுக்கும். 1997-ல் அமெரிக்காவில் லாமோரோ அளந்து பார்த்தார். இழுத்தது! காரணம் வெற்றிடத்தின் அதிர்வுதானா என்று இன்றும் வாதாடுகிறார்கள்.