சூரைச்செடியின் நிழலில்



காலை எட்டு மணிக்கு மேல் கடலூர் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் பேருந்தில் ஏறிப் பாருங்கள். இரவுப் பணி முடிந்த செவிலியர் யாராவது சன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட சகோதரி ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “ஃபாதர், டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துட்டுப் போறேன். நேத்து ராத்திரி ஒருத்தர் இறந்துட்டார். எனக்கு அழுகையே வரலை. அதுதான் பயமா இருக்கு.”

நான் உடனே, “உங்கள் பணி தேவதைகளின் பணி அம்மா” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தேவதைக்குப் பசிக்காது, கால் வலிக்காது. மனிதரிடம் போய் இப்படிச் சொன்னோமே என்று பிறகுதான் உறைத்தது.

2020 மே மாதம் நினைவிருக்கிறதா? கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் நம் மாவட்டத்தில் கொரோனா நோயாளிகள் எண்ணிக்கை சில நாட்களிலேயே பல மடங்கானது. பாதுகாப்பு உடையைப் போட்டால் பணி முடியும்வரை தண்ணீர் குடிக்க முடியாது. கழிப்பறைக்கும் போக முடியாது. பெற்ற பிள்ளையைக் கைப்பேசியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்! அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் மருத்துவர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். அவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தாமே மண்வெட்டி பிடித்து மண் தள்ளி அடக்கம் செய்தார். கைதட்டியதும் நாம்தான், கல்லெறிந்ததும் நாம்தான்.

விவிலியத்தில் எலியா இறைவாக்கினரைப் பாருங்கள். கர்மேல் மலையில் வெற்றி பெற்றவர், ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, ‘போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை. ‘உன் நம்பிக்கை எங்கே?’ என்றும் கேட்கவில்லை. தூங்கவிடுகிறார். வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் சாப்பாடு வருகிறது. அதன் பிறகுதான் ஓரேபு மலைப் பயணம். அங்கே தம் மனக்குறையை ஒருமுறையல்ல, இருமுறை சொல்கிறார். இரண்டு முறையும் கடவுள் குறுக்கிடாமல் கேட்கிறார். பிறகு எலிசாவைத் துணைக்குத் தருகிறார். தனியாள் சுமக்க முடியாத வேலைக்கு இன்னொரு ஆளைக் கொடுப்பதும் கடவுளின் மருத்துவம்தான். மருத்துவமனை நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை வேலையிடத்தில் சரிசெய்யப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே விளக்கியது. அதைத் தனிமனிதரின் கோழைத்தனம் என்பது அநியாயம்.

செவிலியர்களே, மருத்துவர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, வார்டைக் கூட்டித் துடைக்கும் சகோதரிகளே, பணி மாறும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கிறீர்கள். அப்படியே உங்கள் நிலையையும் தோழி ஒருவரிடம் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். தூக்கமே வராமல் நாட்கள் போனாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கமும் இல்லை, பாவமும் இல்லை.

வீட்டிலிருப்பவர்களே, இரவுப் பணி முடிந்து வருகிறவரிடம் வாசலிலேயே கேஸ் சிலிண்டர் கதையைத் தொடங்காதீர்கள். சூடாகக் கொஞ்சம் ரசம் சாதம் கொடுங்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறையுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்கு அவர் வரவில்லையென்றால், தூங்கட்டும். மாலைத் திருப்பலி இருக்கிறது.