விடுதி அறையும் குடவோலையும்

(குற்றாலத்தில், சாரற் காலத்தே கூடிய நம் சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



அருவியில் நீராடி, வயிறார உண்டு, இளந்தூறலிற் கூடியிருக்கும் இவ்வமயத்தில் நீண்ட பிரசங்கம் செய்து உங்களை வருத்த யாம் விரும்பவில்லை. ஆயினும் நம் இல்லங்கள் பலவற்றில் இத்திங்களில் நிகழும் கவலையொன்றைப் பற்றிச் சில கூறுதல் கடனெனக் கருதுகின்றோம். தென்காசியிலும் சுற்றூர்களிலும் உள்ள நம் பிள்ளைகள் பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் கல்லூரி புகப் புறப்படுகின்றனர். இடங்கிடைத்த மகிழ்ச்சி அடங்குமுன், "விடுதியில் எந்த அறை? உடன் உறைவார் யார்?" என்னும் கேள்வி எழுகின்றது. நல்ல அறைகள் சில; விரும்புவோர் பலர். ஆதலின் சில விடுதிகளிற் சீட்டுக் குலுக்கி அறை கொடுக்கின்றனர். அது கேட்ட பெற்றோர் சிலர், "எம் பிள்ளையின் வாழ்வு சூதாட்டமோ?" எனச் சினக்கின்றனர்.

அன்பர்களே! சீட்டு வேறு, சூது வேறு. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்களைக் காண்க. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, வயதும் நிலமும் கல்வியும் ஒழுக்கமும் ஆராய்ந்து, தக்கார் பெயரை மட்டுமே ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். வேற்றுமை அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். தகுதியை ஆராய்ந்தது அறிவு. தகுதி ஒத்தாரிடை ஓரம் சொல்லாது நின்றது குடம். அக்குடத்தினிடத்து எவரும் பரிந்துரை கொண்டு செல்ல இயலாது. அதுவே அதன் பெருமை.

நிற்க. சீட்டு விழுந்தபின் அறையைத் தேர்வது எங்ஙனம்? முதற்கண் விதியைக் கேட்டறிக. சில இடங்களிற் சீட்டு வரிசையெண்ணை மட்டும் தரும். முதலெண் பெற்றவன் விரும்பியதை எடுப்பான். அடுத்தவன் எஞ்சியவற்றுள் தேர்வான். இம்முறையில் மனத்திலுள்ள விருப்பத்தை உள்ளவாறே எழுதுக. மறைத்தெழுதிப் பெறும் ஊதியம் ஒன்றுமில்லை. வேறு சில இடங்களில் எல்லோருடைய முதல் விருப்பத்தையும் முதலில் நிரப்பிவிடுவர். அங்கே பலரும் நாடும் அறையை முதலில் எழுதித் தோற்றவன், தான் இரண்டாவதாக எழுதியதையும் பிறர்க்கு இழக்க நேரும். இக்குறை பற்றியே அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தார், தம் பள்ளிகளில் இடம் வகுத்த இத்தகைய முறையை 2005-ஆம் ஆண்டிற் கைவிடத் தீர்மானித்தனர். சீட்டு முடிந்த பின்னும் வழியுண்டு. மூவர் நால்வர் வட்டமாகத் தம்முள் மாற்றிக்கொள்ளின் அனைவரும் நலம் பெறுதல் கூடும் என்பதை ஷேப்லி, ஸ்கார்ஃப் என்னும் அறிஞர் இருவர் 1974-இல் கணித முறையால் நிறுவினர்.

இனி எம் அனுபவம் ஒன்று. யாம் கல்லூரி புகுங்கால் எம் தந்தையார், "நம்மவரோடு மட்டும் அறை எடு" எனக் கட்டளையிட்டார். சீட்டில் எமக்கு வந்ததோ கடைசிக்கு முந்திய எண். எஞ்சியது தாழ்வாரக் கோடியில், தண்ணீர்க் குழாயை ஒட்டிய அறை, இரவெல்லாம் வாளியோசை. உடனுறைந்தவர் கடற்கரையூர் மாணவர் ஒருவர். யாம் மனம் நொந்தோம். பங்குனி பிறந்தது, விடியலில் அரைமணி நேரமே நீர் வந்தது. அப்பொழுது விடுதி முழுதும் எம் அறையைக் கண்டு பொறாமை கொண்டது!

ஒருநாள் எம் தந்தையார் வந்து, எம்மைத் தனியே அழைத்து, "அவன் யார்?" என வினவினார். யாம் விடை தேடுமுன், அம்மாணவர் தம் கட்டிலை உதறி விரித்து, "ஐயா, களைப்பாயிருப்பீர்கள், படுங்கள்" என்று கூறித் தாம் தாழ்வாரத்திற் பாய் விரித்தார். மறுநாள் பேருந்து ஏறுங்கால் தந்தையார், "அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து முறுக்கு அனுப்புகிறேன்" என்றார். முன்னைய வினாவை மீண்டும் கேட்டிலர்.

இவ்வாண்டு, சீட்டை மாற்றி நம் குலத்து மாணவரோடு அறை வாங்கித் தருமாறு சங்கத்தின் கடிதம் வேண்டி இருவர் எம்மிடம் வந்தனர். யாம் மறுத்தோம், மனக்குறையோடு சென்றனர். அவர்கள் இவ்வவையில் இருப்பின் பொறுத்தருள்க. நம் பக்கத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவிட்டமையால் 1925-ஆம் ஆண்டளவில் மூண்ட பூசல் தமிழ்நாடு முழுதும் பரவியதை நாம் அறிவோம். பந்தியிற் பிரித்ததற்கு நேர்ந்தது அதுவாயின், அறையிற் பிரிக்க நாமே முனைவது தகுமோ? சங்கம் கட்டணம் உதவுக; நூல் வாங்கித் தருக; ஏழைப் பிள்ளைக்கு விடுதிச் செலவு ஈக. குடத்திற் கையிட மட்டும் நம் சங்கம் முற்படாதிருக்க.

மாணவச் செல்வங்களே! வாடகை, உணவுச் செலவு, நீர், வெளிச்சம், வகுப்பிற்குள்ள தூரம் இவற்றை ஆராய்ந்து எழுதுங்கள். உடனுறைவார் குலத்தை ஆராயற்க. இன்று காலை அருவியின்கீழ் உங்கள் தோளோடு தோளுரச நின்றவர் யாரென நீங்கள் வினவினீர்களோ? இல்லையே! நீர் எல்லோர் தலையிலும் ஒன்றாகவே விழுந்தது. அவ்வுள்ளத்தோடு சென்று, கற்று, வென்று வருக!