பழுதின்றிச் சேர்ப்பித்தல்



அகமதாபாத் நகரில் வாழும் தமிழர்களாகிய நாம், இந்நகரிலே உருவாகி, கடல் கடந்து சென்று, மீண்டும் தாயகம் வந்து விண்ணேறிய ஓர் அரிய கருவியின் பயணத்தை இன்று எண்ணிப் பார்ப்போம். அதுவே 'நிசார்' செயற்கைக்கோளின் ரேடார்.

இந்தியாவும் அமெரிக்காவும் 2014ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அச்செயற்கைக்கோளுக்கு இரண்டு ரேடார்கள் வேண்டியிருந்தன. ஒன்றை அமெரிக்கர் கலிபோர்னியாவில் அமைத்தனர். மற்றொன்றை நம் நகரத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் அமைத்தனர். 2021 மார்ச்சு 4ஆம் நாள், அந்நாளைய இஸ்ரோ தலைவரும் குமரி மாவட்டத்துத் தமிழருமான திரு. கை. சிவன், கலிபோர்னியாவுக்கு அதனை வழியனுப்பினார்.

கடைச்சரக்கு உடைந்தால் வேறொன்று வாங்கலாம். காப்பீட்டுப் பணமும் பெறலாம். ஒன்றே ஒன்றாகச் செய்த கருவி உடைந்தால், பல்லாண்டு உழைப்பை எந்தப் பணம் மீட்டுத் தரும்? ஆகையால் அதனைக் கட்டி அனுப்புவதும் செய்வதன் ஒரு பகுதியே எனக் கொள்ளல் வேண்டும். தூசு புகாத உறை, ஈரத்தை விலக்கும் உலர்ந்த நைட்ரசன் வாயு, அதிர்வைத் தாங்கும் கம்பிச்சுருள்கள், வழியில் நேரும் குலுக்கலைக் குறித்துக்கொள்ளும் சிறு கருவி ஆகியவை இத்துறையினர் கையாளும் காப்புகளாம்.

அங்கே இணைக்கப்பெற்ற இரு ரேடார்களும், 2023 மார்ச்சில், ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் வான்வழி கடந்து பெங்களூரை அடைந்தன. ஆயினும் பயணம் முடிந்தபாடில்லை. பொன்முலாம் பூசிய கம்பிவலையாலான, 12 மீட்டர் குறுக்களவுடைய அதன் அலைத்தட்டு, மடித்த நிலையில் விண்வெளியில் அளவுமீறிச் சூடேறக்கூடும் எனச் சோதனையில் தெரிய வந்தது. ஏவும் நாள் தள்ளிப் போயினும் போகட்டும் என்று, 2024ஆம் ஆண்டில் அத்தட்டை மட்டும் மீண்டும் கலிபோர்னியாவுக்கு அனுப்பி, வெப்பத்தைத் திருப்பும் பூச்சு இட்டனர். திரும்புகையில் கடுவெப்பத்தையும் கொடும் வானிலையையும் தவிர்க்கும் பொருட்டு, விமானம் ஹவாய், குவாம், பிலிப்பைன்ஸ் என நின்று நின்று வந்து, அக்டோபர் 22ஆம் நாள் பெங்களூரில் இறங்கியது.

2025 ஜூலை 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் விண்ணேறியது. ஆகஸ்டு 15ஆம் நாள், நம் விடுதலைத் திருநாளிலே, அவ்வலைத்தட்டு விண்ணில் பழுதின்றி விரிந்தது. இன்று நிலத்தின் சில சென்டிமீட்டர் அசைவையும் அளக்கவல்ல அக்கருவி, கட்டுவோர் ஒருவர் சற்றே அயர்ந்திருப்பின் தரையிலேயே வீணாகியிருக்கும்.

செய்தவர் பெயரை ஏடுகள் பொறிக்கின்றன. கட்டியவர், ஏற்றியவர், இறக்கியவர் பெயரை எவரும் கேட்பதில்லை. அவர்களுக்கும் நம் சங்கத்தின் நன்றி உரித்தாகுக!