ஏர் என்னும் ஒரு சொல்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இம்மேடைக்குப் புலவர் பெருமக்கள் வந்து, சிலம்பையும் கம்பனையும் எடுத்துரைத்து நம்மை மகிழ்வித்துச் சென்றிருக்கின்றனர். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்தைந்து ஆண்டுகளாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் வருகின்ற எழுத்தன் நான். இலக்கியம் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும், நாள்தோறும் ஆங்கிலக் கடிதங்களோடு பழகியதில், அம்மொழியின் சின்னஞ்சிறு சொற்கள் செய்யும் குறும்புகளை ஓரளவு கண்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன். அச்சொல் 'ஏர்' என்பது.

ஏர் என்றதும் தமிழனுக்குக் கலப்பை நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது உழவர் பிடிக்கும் ஏரை அன்று. ஆங்கிலேயர் மூச்சாக இழுக்கும் ஏரை. இதே ஒலியில் அவர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு. அதற்கு வாரிசு என்று பொருள். எழுத்தில் இரண்டு, காதுக்கு ஒன்று. பணியிலிருக்கும்போதே காலமான தொழிலாளியின் குடும்பத்தார் அலுவலகத்துக்கு வந்தால், 'லீகல் ஏர் சர்ட்டிபிகேட்' கொண்டுவா என்கிறோம். கணவனை இழந்து நிற்கும் ஒரு தாயிடம் அந்த மூன்று சொற்களை வீசிவிட்டு அடுத்த கோப்பைப் புரட்டுவது எளிது. வாரிசுச் சான்றிதழ் என்று அவருக்குப் புரியும்படி சொல்ல இன்னும் அரை நிமிடம்தான் ஆகும். அது கிடக்கட்டும், காற்றுக்கு வருவோம்.

தமிழில் காற்று என்னும் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. அறைக்குள் அசையாமல் நிற்பதும் காற்று. கூரையைத் தூக்கிக்கொண்டு போவதும் காற்று. ஆங்கிலேயர் இவ்விரண்டையும் பிரித்துவிட்டனர். நிற்பது ஏர், வீசுவது விண்ட். நாமோ வீசும் காற்றைத் திசை பார்த்துப் பிரித்தோம். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. உழுது தூற்றிப் பிழைத்த மக்களுக்கு எது எப்போது எங்கிருந்து வீசும் என்பதே கவலை. நிற்கின்ற காற்றைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இரயில்வேக்காரன் பேச்சில் காற்று வந்தால் பிரேக்கும் வரும், பொறுத்தருள வேண்டும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் அமெரிக்கர் 1869 இல் காப்புரிமை பெற்ற கருவிக்கு 'ஏர் பிரேக்' என்று பெயர். 'விண்ட் பிரேக்' அன்று. இன்று நம் வண்டிகளில் அக்குழாய்க்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று அடைபட்டு நிற்கிறது. ஓட்டுநர் பிரேக் போடும்போது காற்றைச் செலுத்துவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. அவர் குழாயின் காற்றைக் குறைக்கிறார். குறைந்ததும் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள கலத்தில் சேர்ந்திருக்கும் காற்று புறப்பட்டுச் சக்கரத்தைப் பிடிக்கிறது. இணைப்பு அறுந்து வண்டி இரண்டாகப் பிரிந்தாலும் குழாயின் காற்று வெளியேறி, இரு துண்டுகளும் தாமே நிற்கும்.

இப்போது மரபுத்தொடர்களைப் பாருங்கள். நமக்குக் காற்று பொருள்களைக் கொண்டுபோய்விடுவது. கொடுத்த வாக்கைக் காற்றில் பறக்கவிட்டான் என்கிறோம். உழைத்ததெல்லாம் காற்றோடு போயிற்று என்கிறோம். ஆங்கிலேயனுடைய ஏரோ நிற்பது; அதில் வைத்த பொருள் போய்விடுவதில்லை, அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். ஆகையால் ஒரு செய்தி 'இன் தி ஏர்' என்றால், அது போய்விட்டது என்று பொருள் அன்று. வரப்போகிறது, எங்கும் அதே பேச்சு என்று பொருள். அரசல் புரசலாக அடிபடுகிறது என்று நாம் சொல்வோமே, அதுதான்.

இந்த வேறுபாடு தெரியாமையால் ஒருவர் பட்ட துன்பத்தை இங்கே சொல்ல வேண்டும். பெயர் வேண்டா. அவர் இப்போது ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். சொல்வதற்கு இசைவும் தந்திருக்கிறார். அவருடைய தாயார் விழுப்புரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியாக இருந்தார். நண்பர் தெற்கே மாற்றல் பெற ஆண்டுக்கணக்கில் முயன்றார். கடைசியில் 'மியூச்சுவல்' மாற்றலுக்கு ஓர் ஆள் கிடைத்தார். அவர் இந்தப் பக்கத்துக்காரர். தெற்கே பணியில் இருந்தவர். ஆதலால் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடந்தது. இருவரும் ஒரே பதவியில், ஒரே படிநிலையில் இருந்தால்தான் மியூச்சுவல் நடக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு கடிதத்தின் கடைசியில், 'மை ப்ரமோஷன் இஸ் இன் தி ஏர்' என்று ஒரு வரி எழுதியிருந்தார். நண்பர் அதைக் 'காற்றோடு போயிற்று' என்று படித்துக்கொண்டார். பதவி உயர்வு இல்லையென்றால் அவருக்கும் அவசரம் இல்லை, நமக்கும் இல்லை, தீபாவளி கழித்து விண்ணப்பம் போடலாம் என்று இருந்துவிட்டார். எழுதியவர் சொல்ல வந்ததோ நேர்மாறு: உயர்வு வரும்போல் இருக்கிறது, அதற்கு முன் காரியத்தை முடித்துக்கொள்வோம் என்பது. இரண்டு மாதத்தில் உயர்வு ஆணை வந்தது. படிநிலை வேறாயிற்று. மியூச்சுவல் நின்றது. நண்பர் தெற்கே போய்ச் சேர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின. தாயாரோடு அவர் இருக்க முடிந்தது ஏழு மாதம்.

அகராதியில் ஏர் என்னும் சொல்லுக்குக் காற்று என்றே பார்த்திருப்பார். அதில் பிழை இல்லை. அதன் முன்னும் பின்னும் நிற்கும் சிறு சொற்களை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதே தொடருக்கு முன் 'அப்' என்று ஒன்று சேர்ந்தால் பொருள் மறுபடியும் மாறிவிடும். 'அப் இன் தி ஏர்' என்றால் முடிவு ஆகவில்லை, இழுபறியில் இருக்கிறது என்று பொருள். இதற்கு நம்மிடம் அருமையான தொடர் இருக்கிறது: அந்தரத்தில் தொங்குகிறது. என் மகளுக்கு ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வரும். தமிழ் வீட்டோடு சரி. சென்ற கோடையில் தன் பாட்டிக்குக் கடிதம் எழுதினாள். எனக்கு விடுப்பு உறுதியாகாத சமயம் அது. 'எங்கள் பயணம் மேலே காற்றில் இருக்கிறது' என்று எழுதிவிட்டாள். என் தாயார் அதைப் படித்துவிட்டு, பிள்ளை குடும்பத்தோடு ஆகாய விமானத்தில் வருகிறான் என்று தெரு முழுதும் சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு இரவும் ஒரு பகலும் ஸ்லீப்பர் வகுப்பில் அமர்ந்து, கரி பிடித்த முகத்தோடு போய் இறங்கியபோது, பாட்டி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடிதத்தை நான் ஒருமுறை வாங்கிப் பார்த்திருக்கலாமே என்று என் மனைவி இன்றும் சொல்வாள். கடிதம் எழுதியதே எனக்குத் தெரியாது.

நிற்கும் காற்று என்று சொன்னேன். பின் ஆங்கிலத்தில் ஒரு பொருள் காணாமற்போனால் எப்படிச் சொல்வது? அதற்கு அவர்கள் காற்றை மெலிதாக்க வேண்டியிருக்கிறது. 'தின் ஏர்' என்கிறார்கள். மெல்லிய காற்றில் மறைந்தான் என்று. ஷேக்ஸ்பியர் 1611 அளவில் எழுதிய 'டெம்பெஸ்ட்' நாடகத்தில், மந்திரத்தால் தோன்றிய ஆவிகள் ஆடிப் பாடி மறையும் இடத்தில் இச்சொல் வருகிறது. இந்த மெல்லிய காற்றிலிருந்து பொருள் திரும்ப வரவும் செய்யும். இல்லாத ஒன்றைப் படைத்துச் சொல்வதற்கும் அதே தொடர்தான். கணக்குப் பிரிவில் ஆண்டு முடிவில் சில எண்கள் இவ்வாறு தோன்றுவது உண்டு என்பர்; நான் அந்தப் பிரிவு அல்லன்.

ஆங்கிலேயர் காற்றில் கோட்டை கட்டுவர். பிரெஞ்சுக்காரர் அதே கோட்டையை ஸ்பெயின் நாட்டில் கட்டுவர். நாம் மனத்துக்குள்ளேயே கட்டுகிறோம், மனக்கோட்டை என்கிறோம். மூன்றில் நம்முடையதே சிக்கனமானது.

இனி, காற்றே அல்லாத ஏர் ஒன்று உண்டு. ஞாயிறுதோறும் நடக்கும் நம் தமிழ் வகுப்பில், 'ஹீ கேவ் ஹிம்செல்ப் ஏர்ஸ்' என்பதைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு சிறுவன், 'அவன் தனக்குத்தானே விசிறிக்கொண்டான்' என்று எழுதினான். அன்று மின்சாரம் வேறு இல்லை. அவன் மேல் குற்றம் சொல்ல முடியாது. அத்தொடருக்குப் பொருள், பெரிய மனிதன் போல் மிடுக்குக் காட்டினான், பந்தா செய்தான் என்பது. இந்த ஏர் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. தோற்றம், தோரணை என்று பொருள். நற்குடிப் பிறப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து 'டெபொனேர்' என்னும் சொல் பிறந்தது. அதில் ஒட்டியிருக்கும் ஏரும் காற்று அன்று. 'ஆன் ஏர் ஆப் சேட்னெஸ்' என்று கதைகளில் படித்தால், துயரம் தோய்ந்த தோற்றம் என்று கொள்ள வேண்டும். துயரக் காற்று என்று பெயர்த்தால் சிரிப்பு வரும். இவ்வாறு பெயர்த்த கதைகளைச் சில இதழ்களில் நானே படித்திருக்கிறேன்.

இசையிலும் ஒரு ஏர் உண்டு. இத்தாலியர் பாட்டை 'ஆரியா' என்பர். அச்சொல்லின் உறவாய் ஆங்கிலத்தில் ஏர் என்பது பாட்டின் மெட்டைக் குறிக்கும். ஜான் டௌலண்டு என்னும் இசைவாணர் 1597 இல் வெளியிட்ட பாடல் நூலின் பெயரிலேயே அது இருக்கிறது. 1855 இல் அயர்லாந்தில் அச்சேறிய ஒரு நாட்டுப்புற மெட்டு 'லண்டன்டெரி ஏர்' என்றே உலகப் புகழ் பெற்றது. லண்டன்டெரியில் காற்று நன்றாக இருக்கும் போலும் என்று எண்ணிவிடக் கூடாது.

இத்தாலியில் அதே ஆரியா காற்றுக்கும் பெயர். கெட்ட காற்று என்பதற்கு அவர்கள் சொன்ன 'மால ஆரியா' தான் மலேரியா. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்று நூற்றாண்டுக்கணக்கில் நம்பினர். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் இராணுவ மருத்துவர், கொசுவின் வயிற்றில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். 1902 இல் நோபல் பரிசும் பெற்றார். பழி காற்றைவிட்டு நீங்கியது. பெயர் மட்டும் நீங்கவில்லை. நம் ஊர்களில் காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை அடிப்பார்களே, அந்தக் காற்றும் இதற்குத் தூரத்து உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாய்மார்களுக்கு எளிதில் விளங்கக்கூடிய தொடர் ஒன்று: 'ஏர் எ கிரீவன்ஸ்'. குறையை வெளியிடுவது என்று பொருள். இங்கிலாந்தின் ஈரக் குளிரில் துவைத்த துணி கொடியில் காய்ந்தாலும் ஈரம் முற்றும் போகாது; அதை விரித்துக் காற்றாட விட வேண்டும். அதற்கென்றே வெந்நீர்க் கலத்தை ஒட்டி வீட்டில் ஓர் அலமாரி வைத்திருப்பர். மடித்து வைத்த ஈரத்துணி நாற்றமடிக்கும். மனத்தில் மடித்து வைத்த குறையும் அப்படியே. ஓய்வூதியர்களுக்காக நடக்கும் பென்ஷன் அதாலத்தில் நம் பெரியவர்கள் சென்று செய்வது இதுவே. 'கிளியர் தி ஏர்' என்பது இதற்கு அடுத்த படி. இடியும் மழையும் வந்து புழுக்கத்தை நீக்குவது போல, இருவர் மனம்விட்டுப் பேசி மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்வது. சென்ற ஆண்டு பொங்கல் விழாச் செலவுக் கணக்கு பற்றி நம் செயற்குழுவில் நடந்தது இடியா மழையா என்று நான் சொல்லப்போவதில்லை, புழுக்கம் போயிற்று.

வானொலியில் ஒருவர் பேசினால் 'ஆன் தி ஏர்' என்கின்றனர். 1936 ஜூன் 8 அன்று நம் நாட்டு ஒலிபரப்புக்கு 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் சூட்டப்பட்டது. அப்போது அத்துறைக்குத் தலைவராக இருந்தவர் லயனல் பீல்டன். மூன்று சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'ஏர்' என்றே வரும். பின்னர் ஆகாசவாணி என்னும் பெயரும் உடன் வழங்கியது. 2023 இல் ஆங்கிலப் பெயரை விடுத்து ஆகாசவாணி என்றே எங்கும் வழங்குமாறு ஆணை பிறந்தது. தமிழர் வானொலி என்றனர். காற்றொலி என்று எவரும் சொல்லவில்லை. அதுவே சரி என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் சொல்லிவிடுவர். அந்த அலைகளுக்குக் காற்றே தேவையில்லை, காற்றில்லாத வெளியிலும் அவை செல்லும்.

இன்னும் ஒரு தொடர் பாக்கி இருக்கிறது. 'ஹாட் ஏர்' என்பது அது, சூடான காற்று. 1783 இல் பிரான்சில் மாண்ட்கோல்பியர் சகோதரர்கள் சூடான காற்றை நிரப்பித்தான் கூண்டை வானில் ஏற்றினர். அத்தகைய காற்றை நன்றி மறந்து ஆங்கிலேயர் பொருளற்ற நீண்ட பேச்சுக்குப் பெயராக வைத்துவிட்டனர். நாம் அதை வாய்ப்பந்தல் என்போம். செயலாளர் அவர்கள் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்; பிள்ளைகளின் நாடகத்துக்கு அரிதாரம் பூசி முடிந்துவிட்டது என்று திரைக்குப் பின்னிருந்து சைகை வருகிறது.